குரலுக்கும் வாதம் வரும்

(மந்தைவெளியில், வெளியூர்களிலிருந்து வந்திருந்த தம்பதிகளிடையே காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் பேசியது)



குடும்ப நலக் கூட்டம் என்றால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே மனப்பாடம். அளவான குடும்பம், குழந்தைக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இன்றைக்கு நான் குரலைப் பற்றிப் பேசப் போகிறேன். "குடும்ப நலத்துக்கும் குரலுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். புருஷன், பெண்சாதி இரண்டு பேரில் ஒருத்தருக்குக் குரல் போய்விட்டால் அந்த வீடு எப்படி நடக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சம்பந்தம் தானாகத் தெரியும்.

நாம் உட்கார்ந்திருக்கிற இந்த இடத்துக்கு மந்தைவெளி என்று பேர். மாட்டு மந்தை கூடிய வெளி என்பதால் அந்தப் பேர் என்பார்கள். இப்போது இங்கே மந்தை கிடையாது, பஸ் மந்தைதான். ஆனால் உங்கள் ஊரில் மந்தைவெளி இன்னும் இருக்கும். எட்டத்தில் மேய்கிற மாட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தால் அது திரும்பிப் பார்க்கும். வரப்பில் நின்றுகொண்டு அடுத்த வயலில் இருக்கிற வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் அவர் காதில் விழும். அந்த ஒரு குரலைக் கொடுக்க முடியாமல் போகிற வியாதியைப் பற்றித்தான் பேச்சு.

கை கால்களுக்கு வாதம் வரும் என்று தெரியும். முகம் கோணிப்போகிற வாதத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி குரலுக்கும் வாதம் வரும். கழுத்தின் முன்பக்கம் கை வைத்துப் பாருங்கள். எச்சில் விழுங்கும்போது மேலே ஏறி இறங்குகிறதே, அதுதான் குரல்வளை. குருத்தெலும்பால் ஆன ஒரு பெட்டி. அதற்குள்ளே குரல் நாண்கள் என்று இரண்டு சதை மடிப்புகள் இருக்கின்றன. அவற்றை வீட்டு வாசலில் இருக்கிற இரட்டைக் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு விடும்போது இரண்டு கதவும் திறந்து காற்றுக்கு வழி விடும். பேசும்போது இரண்டும் நடுவில் வந்து ஒட்டும். கீழே நுரையீரலிலிருந்து வருகிற காற்று அந்த ஒட்டிய கதவுகளை அதிர வைக்கிறது. ஆண் பேசினால் ஒரு விநாடிக்கு நூறு தடவைக்கு மேல், பெண் பேசினால் சுமார் 200 தடவை. அந்த அதிர்ச்சிதான் குரல். சாப்பாடு இறங்கும்போதும் அந்தக் கதவு இறுக மூடிக்கொள்ளும், சோறும் தண்ணீரும் நுரையீரல் பக்கம் போகாமல் இருக்க. ஆக, அந்தக் கதவுக்கு மூன்று வேலை: மூச்சு, பேச்சு, காவல்.

இப்போது ஒரு கதவுக்கு வாதம் வந்து, பாதி திறந்தபடியே நின்றுவிட்டது என்று வையுங்கள். இன்னொரு கதவு நல்லபடியாக நடுவுக்கு வருகிறது. ஆனால் ஒட்டுவதற்கு எதிரே ஆளில்லை. இடைவெளியில் காற்று வீணாக ஓடுகிறது. குரல் 'புஸ்'ஸென்று காற்றுக் குரலாகிவிடும். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கும். சாயங்காலம் ஆனால் சுத்தமாகக் குரலே எழும்பாது.

குரல் மட்டும் போனால் பரவாயில்லை, சைகையில் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குடித்தால் புரை ஏறும். நம் ஊரில் புரை ஏறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டுவார்கள். எப்போதோ ஒரு தடவை ஏறினால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். குரல் கம்மிப்போன ஒருத்தருக்குக் குடிக்கிற தண்ணீர் ஒவ்வொரு வாய்க்கும் புரை ஏறினால் யாரும் நினைக்கவில்லை, கதவு மூடவில்லை. அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா காய்ச்சலில் கொண்டுபோய் விடும். இருமிக் கபத்தை வெளியேற்றுவதற்கும் கதவு மூடித் திறக்கவேண்டும், அதுவும் முடியாது.

இன்னொன்று, இது டாக்டர்கள்கூட கேட்க மறக்கிற விஷயம். பாரம் தூக்கும்போது "தம் கட்டித் தூக்கு" என்கிறோம். தம் கட்டுவது என்றால் என்ன? இந்தக் கதவை இறுக மூடி, மார்புக்குள் காற்றை நிறுத்துவதுதான். கதவு மூடாதவருக்குத் தம் நிற்காது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாது, புல்லுக்கட்டைத் தலைக்கு ஏற்ற முடியாது. "குரல்தானே போச்சு, கைகாலுக்கு என்ன கேடு, வேலை செய்ய வலிக்குதா?" என்று வீட்டில் ஏசுவார்கள். அந்த அம்மா சோம்பேறியாகிவிடவில்லை. அவருக்குத் தம் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். கழுத்துக் கழலைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு மனைவி வீடு திரும்புகிறாள். குரல் எழவில்லை. முதல் வாரம் எல்லாரும் பனங்கற்கண்டுப் பால் கொடுக்கிறார்கள். இரண்டாவது வாரம் மிளகு, சித்தரத்தை, அதிமதுரம். ஒரு மாதம் ஆனபின் மாமியார், "மனசுல ஏதோ வச்சிக்கிட்டு முணுமுணுக்கறா" என்கிறார். புருஷன் வயலிலிருந்து போன் செய்தால் அவள் பேசுவது அவர் காதில் விழவில்லை. "சரியா பேசினா என்ன?" என்று கோபித்துப் போனை வைக்கிறார். அப்புறம் போன் செய்வதையே விட்டுவிடுகிறார். குழந்தை கிணற்றுப் பக்கம் ஓடுகிறது, தாயார் கத்துகிறார், குழந்தைக்குக் கேட்கவில்லை. யாரோ ஒருவர் செய்வினை என்று ஆரம்பிக்கிறார், மந்திரிக்கிறவருக்குப் பணம் போகிறது. இந்தக் கதை எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். கற்கண்டும் அதிமதுரமும் சளி பிடித்துக் கட்டிய தொண்டைக்கு இதமாக இருக்கும், நான் குறை சொல்லமாட்டேன். வாதம் வந்த நாணை அவை அசைக்காது.

வாதம் ஏன் வருகிறது? நாணை அசைக்கிற நரம்பு ஒரு விசித்திரமான பாதையில் போகிறது. மயிலாப்பூரில் பஸ் ஏறிய ஒருவர் மந்தைவெளியில் இறங்கவேண்டும். இறங்காமல் அடையாறு வரைக்கும் போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வந்து மந்தைவெளியில் இறங்குகிறார் என்று வையுங்கள். இந்த நரம்பும் அப்படித்தான். மூளையடியிலிருந்து புறப்பட்டு, குரல்வளை பக்கத்திலேயே இருந்தும் அதைத் தாண்டி மார்புக்குள் இறங்குகிறது. இடது பக்க நரம்பு, இதயத்திலிருந்து கிளம்புகிற பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் புகுந்து, திரும்ப மேலே ஏறிக் கழுத்துக்கு வருகிறது. வலது பக்க நரம்பு அவ்வளவு தூரம் போவதில்லை, தோள்பக்கம் போகிற ரத்தக்குழாயை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிடும். இடது நரம்புக்குப் பாதை நீளம், ஆகவே ஆபத்தும் அதிகம். இடது நாணுக்குத்தான் வாதம் அதிகமாக வருகிறது.

இவ்வளவு நீளப் பாதையில் எங்கே இடைஞ்சல் வந்தாலும் குரல் போகும். கழுத்தில் தைராய்டு சுரப்பிக்குப் பின்னால்தான் இந்த நரம்பு ஒட்டிப் போகிறது. அங்கே ஆபரேஷன் செய்யும்போது நரம்பு இழுபட்டாலோ காயப்பட்டாலோ வாதம் வரும். இழுபட்ட நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே தேறிவிடும். இதைக் கேட்டுவிட்டு "கழலைக்கு ஆபரேஷனே வேண்டாம்" என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். வேண்டிய ஆபரேஷனைத் தள்ளிப் போடுவது அதைவிடக் கெடுதல். ஆபரேஷனுக்கு முன்னால், "டாக்டர், என் குரல் நாண் இப்போ எப்படி அசையுதுன்னு பார்த்துட்டீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கழுத்தில் ஒன்றுமே நடக்காமல் குரல் போனால் மார்பைப் பார்க்கவேண்டும். நுரையீரல் புற்றுநோய், காசநோயால் வீங்கிய நெறிக்கட்டி, பெருந்தமனி வீக்கம் இவை எல்லாமே அந்த நரம்பை அழுத்தும். பீடி பிடிக்கிற ஆண்களுக்குச் சொல்கிறேன். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் போனால் அது சளி இல்லை என்றே வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நுரையீரலாக இருக்கலாம், குரல்வளையிலேயே புற்றுநோயாகவும் இருக்கலாம். இரண்டும் சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்க வழி உண்டு. கூடவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளவேண்டும்.

பெண்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சிறு வயதில் மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்து, அது இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கும். கல்யாணம் ஆகும்வரை ஒன்றும் தெரியாது. கர்ப்பம் தரித்ததும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வால்வு சுருங்கியதால் இதயத்தின் இடது மேலறை பெருத்து, அந்த இடது நரம்பு நசுங்கிக் குரல் கம்மும். வியன்னாவில் ஆர்ட்னர் என்ற டாக்டர் இதை 1897-லேயே எழுதி வைத்தார். மூச்சு வாங்கலும் குரல் கம்மலும் சேர்ந்து இருக்கிற கர்ப்பிணியை "பிள்ளைத்தாச்சின்னா அப்படித்தான்" என்று வீட்டில் உட்கார வைக்காதீர்கள். அன்றைக்கே இதயப் பரிசோதனைக்கு அழைத்துப் போகவேண்டும். வீட்டுக்காரர்கள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அழைத்துப் போகவேண்டியவர் நீங்கள்தான்.

எந்தக் காரணமும் தெரியாமல், ஒரு சளிக் காய்ச்சலுக்குப் பிறகு நாண் வாதம் வருவதும் உண்டு. அது சிலருக்குத் தானாகவே சரியாகும்.

கழுத்தில் அடிபட்டுக் குரல் மாறிய ஒரு மனிதரை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். 1967 ஜனவரி 12-ல் ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆர். அவர்களை எம்.ஆர்.ராதா சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் கொண்டுபோனார்கள், பிறகு ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு. உயிர் தப்பியது, குரல் பழையபடி திரும்பவில்லை. அந்த வருஷம் வெளிவந்த 'காவல்காரன்' படத்தில் பழைய குரலும் மாறிய குரலும் கேட்கும். அவருக்குக் கெட்டது எந்த நரம்பு என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். அந்த மாறிய குரலோடேயே அவர் நடித்தார், மேடையில் பேசினார், 1977-ல் முதலமைச்சரும் ஆனார். ஜனங்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். குரல் கம்மிப்போன ஒரு சாதாரணப் பெண்ணுக்கு, அவள் வீட்டில் இருக்கிற நாலு பேர் அந்த அளவுக்குக் காது கொடுக்கிறார்களா?

சரி, வைத்தியத்துக்கு வருவோம். முதலில் நாணைக் கண்ணால் பார்க்கவேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் டாக்டரே இல்லை. மானுவல் கார்சியா என்று ஒரு பாட்டு வாத்தியார். 1854-ல் பல் டாக்டர் உபயோகிக்கிற சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய வெளிச்சத்தைக் காட்டி, இன்னொரு கண்ணாடியில் தன் குரல் நாண் அசைவதைத் தானே பார்த்தார். இப்போது பென்சிலைவிட மெல்லிய, வளைகிற ஒரு குழாயை மூக்கு வழியாக விடுகிறோம். அதன் நுனியில் வெளிச்சமும் காமிராவும் இருக்கும். மூக்கில் மரக்கிற மருந்து அடித்துவிடுவதால் வலி கிடையாது, கொஞ்சம் கூச்சம் இருக்கும். "ஈ... ன்னு சொல்லுங்கம்மா" என்போம். எந்த நாண் அசைகிறது, எது நிற்கிறது என்று டி.வி. மாதிரித் திரையில் உங்களுக்கே தெரியும். ஐந்து நிமிஷ வேலை. புருஷனையும் பக்கத்தில் வைத்துத் திரையைக் காட்டவேண்டும் என்பது என் கட்சி. ஒரு தடவை கண்ணால் பார்த்த மனிதர் அப்புறம் "நடிக்கிறா" என்று சொல்லமாட்டார். காரணம் தெரியாத வாதமாக இருந்தால் தலையடியிலிருந்து மார்பு வரைக்கும் ஸ்கேன் எடுப்பார்கள். அது செலவுக்காக எழுதித் தருவது இல்லை. நான் சொன்ன அந்த நீளப் பாதை முழுவதையும் பார்ப்பதற்காக.

அடுத்து என்ன? அவசரப்பட்டுக் கத்தியை எடுக்கமாட்டோம். நரம்பு அறுபடாமல் இருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை தானே தேற வாய்ப்பு உண்டு. அதுவரை பேச்சுப் பயிற்சி நிபுணர் பயிற்சி கொடுப்பார். நல்ல நாண் கொஞ்சம் தாண்டி வந்து வாத நாணைத் தொட்டுப் பழகும். விழுங்குவதற்கும் வழி சொல்லித் தருவார். மோவாயைக் கீழே தாழ்த்தி விழுங்குவது, தலையை வாதம் வந்த பக்கம் திருப்பி விழுங்குவது என்று ஆளுக்கு ஏற்ப இருக்கும். தண்ணீராக இருப்பது புரை ஏறும், கூழ் பதத்தில் இருப்பது சுலபமாக இறங்கும். நம் கேழ்வரகுக் கூழும் கெட்டியான கஞ்சியும் இந்த விஷயத்தில் காப்பியைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு வருஷம் காத்திரு என்று சொல்வது டாக்டருக்குச் சுலபம். தினம் புரை ஏறுகிறவருக்கும், கூவி விற்றுப் பிழைக்கிறவருக்கும் ஒரு வருஷம் என்பது ஒரு யுகம். அவர்களுக்காக ஊசி வைத்தியம் இருக்கிறது. வாதம் வந்த நாணுக்குள் ஊசியால் ஒரு மருந்துப் பசையைச் செலுத்தி அதை உப்ப வைக்கிறோம். உப்பிய நாண் நடுப்பக்கம் நகரும், நல்ல நாண் வந்து ஒட்டும். கழுத்துத் தோல் வழியாகவோ வாய் வழியாகவோ போடுவார்கள். தையல் இல்லை. சில வகைப் பசை இரண்டு மூன்று மாதத்தில் கரையும், சில வகை ஒரு வருஷத்துக்கு மேலும் நிற்கும். நோயாளியின் வயிற்றிலிருந்தே கொஞ்சம் கொழுப்பை எடுத்து நாணில் போடுவதும் உண்டு. இந்த யோசனை 1911-லேயே ப்ரூனிங்ஸ் என்ற ஜெர்மன் டாக்டருக்கு வந்தது. அவர் போட்டது பாரபின் மெழுகு. அது உள்ளே கட்டி கட்டியாகித் தொல்லை கொடுத்தது. 1962-ல் டெப்லான் வந்தது, அதுவும் புண்ணும் கட்டியும் உண்டாக்கியதால் கைவிட்டார்கள். இப்போது போடுகிற பசைகள் இவற்றைப் பார்த்துத் திருந்தி வந்தவை.

நரம்பு தேறவில்லை என்று நிச்சயமான பிறகு நிரந்தரமான ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு ரொம்பப் பிடித்த ஆபரேஷன் இது. ஜப்பானில் கியோட்டோ நகரத்து டாக்டர் இஷ்ஷிகி என்பவர் 1974-ல் இதை முறைப்படுத்தி எழுதினார். தைரோபிளாஸ்டி என்று பேர். கழுத்து மடிப்பிலேயே இரண்டு விரற்கடை அளவு தோலைத் திறப்பார்கள். ஆறிய பின் மடிப்போடு மடிப்பாகத் தழும்பு மறைந்துவிடும். உள்ளே குரல்வளைக் குருத்தெலும்பில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு ஜன்னல் வெட்டுவார்கள். அந்த ஜன்னல் வழியாக, சிலிக்கான் என்ற ரப்பர் மாதிரிப் பொருளில் செதுக்கிய ஒரு சின்ன ஆப்பைச் செருகுவார்கள். தச்சர் கதவு ஆடாமல் இருக்க ஆப்பு வைக்கிறாரே, அதே வேலைதான். ஆப்பு தள்ளத் தள்ள வாத நாண் நடுவுக்கு வரும்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், நோயாளி விழித்துக்கொண்டிருப்பார். கழுத்தில் மட்டும் மரக்கிற ஊசி. ஆபரேஷன் நடக்கும்போதே டாக்டர், "ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுங்கம்மா" என்பார். குரல் அடைத்தால் ஆப்பைக் கொஞ்சம் சீவுவார். காற்று ஓடினால் கொஞ்சம் பெரிய ஆப்பு வைப்பார். வீணைக்கு சுருதி கூட்டுகிற மாதிரிதான். எவ்வளவு தள்ளினால் இந்த ஆளுக்கு நல்ல குரல் வரும் என்பதை முழு மயக்கம் கொடுத்துவிட்டால் எப்படித் தெரிந்துகொள்வது? அதற்காகத்தான் விழித்திருக்கச் சொல்கிறார்கள். மேஜையிலேயே தன் குரலைத் தானே கேட்டு அழுகிறவர்கள் உண்டு. வேண்டாம் என்றால் பிற்காலத்தில் ஆப்பை எடுத்துவிடவும் முடியும்.

கத்தி சிறிசாக இருந்தால் ஆபரேஷனும் சாதாரணம் என்று அர்த்தமில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்குத் தொப்புள் பக்கம் சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பில் செய்கிறார்கள், ஆண்களுக்குக் கத்தியில்லாமல் வாசக்டமி செய்கிறார்கள். அவற்றுக்கும் டாக்டர் சொன்ன நாள் வரை பத்தியம், ஓய்வு உண்டல்லவா? இதற்கும் உண்டு. உள்ளே வீங்கினாலோ ரத்தம் கட்டினாலோ மூச்சுக்குழாய் நெருங்கும். அதனால் ஓரிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பார்த்துத்தான் அனுப்புவார்கள். அபூர்வமாக ஆப்பு நகர்வதும், சீழ் பிடிப்பதும் உண்டு. குரல் கல்யாணத்துக்கு முந்தி பாடின குரலாகவே திரும்பும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பவேண்டாம். நாண் அசையப் போவதில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. ஆனால் பேசினால் கேட்கும், தண்ணீர் குடித்தால் புரை ஏறுவது குறையும், தம் நிற்கும். கழுத்தில் உள்ள வேறொரு நரம்பை எடுத்து, கெட்டுப்போன நரம்போடு இணைக்கிற முறையும் இருக்கிறது. பலன் தெரிய மாதக் கணக்கில் ஆகும்.

இதுவரை சொன்னது ஒரு நாணுக்கு வாதம் வந்தால். இரண்டு நாணுக்கும் வந்தால் கதை தலைகீழ். இரண்டு கதவும் நடுவில் கிட்டத்தட்ட மூடியபடி நின்றுவிடும். அவருக்குக் குரல் ஓரளவு நன்றாகவே இருக்கும், அதனால் யாரும் கவலைப்படமாட்டார்கள். ஆனால் மூச்சு இழுக்கும்போது 'ஈர்... ஈர்...' என்று சத்தம் வரும். ராத்திரி குறட்டை என்று நினைப்பார்கள், பலருக்கு ஆஸ்துமா என்று மருந்து நடக்கும். ஒரு சளி பிடித்துக் கொஞ்சம் வீங்கினால் போதும், மூச்சே நின்றுவிடும். கழுத்து ஆபரேஷன் செய்துகொண்டவர் யாருக்காவது மூச்சை உள்ளே இழுக்கும்போது இந்தச் சத்தம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

அந்த நேரத்தில் உயிரைக் காப்பாற்ற, கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயில் ஒரு குழல் வைப்பார்கள். குழல் வைத்தவர் வீட்டுக்கு வந்தால் சில விஷயங்கள் முக்கியம். உட்குழலை டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி தினமும் எடுத்துக் கழுவவேண்டும். குளத்தில், கிணற்றில், வாய்க்காலில் இறங்கக்கூடாது. பம்புசெட்டுக்கு அடியில் தலை கொடுக்கக்கூடாது. துளை வழியாகத் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். களத்தில் நெல் தூற்றுகிற இடத்தில் தூசி போகாமல், ஈரம் செய்து பிழிந்த மெல்லிய துணியைத் துளையின் முன்னால் தொங்கவிடவேண்டும். துளையை அழுத்தி மூடக்கூடாது.

அந்தக் குழலோடேயே வாழ்நாள் பூராவும் இருக்கவேண்டியதில்லை. வாய் வழியாகவே ஒரு குழாய் விட்டு, பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்துக்கொண்டு, லேசர் ஒளிக்கதிரால் ஒரு நாணின் பின்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். வெளியே கத்திக் காயமே இருக்காது. 1989-ல் டெனிஸ், கஷிமா என்ற இரண்டு டாக்டர்கள் எழுதிய முறை இது. மூச்சுக்கு வழி கிடைக்கும், பிறகு கழுத்துக் குழலை எடுத்துவிடலாம். ஆனால் பேரம் ஒன்று உண்டு. வழியை அகலமாக்கினால் குரல் கொஞ்சம் இறங்கும். குரலைக் காப்பாற்றினால் மூச்சு இறுகும். எவ்வளவு வெட்டுவது என்பதைப் புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசித்தான் முடிவு செய்யவேண்டும். வயலில் உழைக்கிறவருக்கு மூச்சு பெரிசு. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிறவருக்குக் குரலும் பெரிசு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சைக் குழந்தைகளுக்கும் இது வரும். சிரமமான பிரசவத்தில் கழுத்து இழுபட்டு வரலாம், பிறவியிலேயே வரலாம். அழுகை கம்மலாக, பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இருந்தாலோ, பால் குடிக்கும்போது நீலம் பாரித்து மூச்சு முட்டினாலோ, மூச்சு இழுக்கையில் சத்தம் வந்தாலோ, "உரம் விழுந்திருக்கு" என்று தடவிவிட ஆள் தேடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, முதலில் உங்கள் பக்கத்தில் இருப்பதற்குப் போங்கள். நாணைப் பார்த்துச் சொல்வது அங்கேயே முடியும். மேல் சிகிச்சை வேண்டும் என்றால் சீட்டு எழுதிச் சென்னைக்கு அனுப்புவார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வடக்கே ஸ்டான்லி, இந்தப் பக்கம் ராயப்பேட்டை. மந்தைவெளியை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் டாக்டர் மோகன் காமேஸ்வரன் நிறுவிய மெட்ராஸ் ஈ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அது தனியார் இடம், விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை. பறக்கும் ரயிலில் மந்தைவெளி ஸ்டேஷனில் இறங்கிப் பலர் வழி கேட்கிறார்கள், அதற்காகச் சொன்னேன். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்பே, இந்தச் சிகிச்சை அந்த அட்டையில் வருமா என்று ஆஸ்பத்திரியிலுள்ள காப்பீட்டு உதவி மேஜையில் கேட்டுவிடுங்கள். தகவல் மட்டும் வேண்டும் என்றால் 104-க்குப் போன் செய்யலாம்.

வரும்போது பழைய சீட்டுகளைக் கொண்டு வாருங்கள். முக்கியமாக, முன்பு கழுத்திலோ மார்பிலோ ஆபரேஷன் நடந்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டு. குரல் என்றைக்கு மாறியது, அதற்கு முன்னால் காய்ச்சலா, ஆபரேஷனா, எடை குறைந்ததா என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குரல் போனவரால் இதையெல்லாம் விவரமாகச் சொல்ல முடியாது, பத்து வார்த்தையில் களைத்துவிடுவார். ஆகையால் கூட ஒருத்தர் வரவேண்டும். அது புருஷனோ மனைவியோவாக இருந்தால் நல்லது, தினமும் கூட இருந்து பார்த்தவர் அவர்தான்.

நான் பேச வேண்டியது அவ்வளவுதான். இப்போது நீங்கள் கேட்கலாம். மைக்குக்கு வரவேண்டாம், இருந்த இடத்திலிருந்தே கேளுங்கள். குரல் எட்டாதவர்கள் மட்டும் முன்னால் வந்து என் பக்கத்தில் உட்காருங்கள், மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்கும்.